மூன்று சுழி அடைபடலாமா?

விருதுநகரில் பருப்பும் எண்ணெயும் பாக்கெட் போடும் நம் வணிகர்களுக்குச் சிவகாசி அச்சகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தீப்பெட்டி லேபிளில் தொடங்கி வளர்ந்த தொழில் அது. வண்ணத்தில் குறை சொல்ல முடியாது. எழுத்தைத்தான் நாம் கவனிப்பதில்லை.

முனை மழுங்கி, உருண்டையாக, ஏறக்குறைய ஒரே தடிப்பில் ஓடும் எழுத்து பெயருக்கு எடுப்பானது. மும்பை ஏக் டைப் நிறுவனத்தாரின் 'பாலூ தம்பி' அவ்வகை. திறந்த உரிமத்தில் கிடைப்பதால் வியாபாரத்துக்கும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

அதே தடித்த எழுத்தைச் சிறிதாக்கி எடை, விலை, தேதி போட்டால்தான் வினை. 'எண்ணெய்' என்பதில் மூன்று சுழி இரண்டு முறை வருகிறது. பாலித்தீன் கவரில் மை சற்றுப் பரவினாலும் சுழிகள் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். 'பாலூ தம்பி 2' ஐந்து தடிப்புகளில் உள்ளது. பெயருக்குத் தடித்தது, சிறு எழுத்துக்கு மெலிந்தது என்று அச்சகத்தாரிடம் சொல்லிவிட வேண்டும்.

உருண்டை எழுத்து இடத்தை அடைக்கும். அதனால் பக்கவாட்டில் நெருக்கிவிடுகிறார்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, கட்டாய விவரங்களில் எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. '1' போன்ற ஒல்லியானவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பாக்கெட் போட்டவரே!

சுருள் முழுவதும் ஓடுமுன் முதல் கவரை வாங்கி, கடை விளக்கு வெளிச்சத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.