பிஞ்சு இதயம் – 11: வலது கை, ஏதாவது ஒரு கால்

பிறந்து 24 மணி நேரம் கடந்த குழந்தையின் வலது கையிலும் ஏதாவது ஒரு பாதத்திலும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பதுதான் பிறவி இதயக் குறைபாட்டுக்கான பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சோதனை. ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை, குழந்தையைத் தாயின் மடியிலிருந்து இறக்கவும் வேண்டாம். கருவில் நுரையீரலைத் தவிர்த்து ரத்தத்தைத் திருப்பிவிடும் டக்டஸ் என்ற குறுக்குக் குழாயைப் பற்றிச் சென்ற வாரமே சொல்லியாயிற்று. அது பிறந்த இரண்டு மூன்று நாளில் மூடிக்கொள்ளும் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

ஏன் வலது கை? பெருந்தமனியிலிருந்து வலது கைக்குப் போகும் கிளை, டக்டஸ் வந்து சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. கால்களுக்குப் போகும் ரத்தம் அந்தச் சந்திப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். பெருந்தமனி அறுபட்டுப் பிறந்த குழந்தைக்கு, உடலின் கீழ்ப்பாதி டக்டஸ் வழியாக வரும் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை நம்பியே இருக்கும். அங்கே கையும் காலும் வெவ்வேறு எண் சொல்லும். கையில் மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று எழுதினால், அந்தக் குழந்தை தப்பிப் போய்விடும்.

2011இல் பரவலான விதி இப்படிப் போகிறது: கையிலோ காலிலோ 95 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 3க்குள் இருந்தால் தேர்ச்சி. எங்காவது 90க்குக் கீழே போனால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நடுவில் நிற்கும் குழந்தைக்கு ஒரு மணி நேர இடைவெளியில் மறுபடி பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மூன்றாம் முறையும். அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2025இல் இதைச் சுருக்கி, இரண்டு இடத்திலும் 95 வேண்டும், மறுசோதனை ஒன்று போதும் என்றது.

செய்முறையில் கண்ணில்படாத நுணுக்கங்கள் உண்டு. கொரோனா காலத்தில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி இன்று அலமாரி மூலையில் கிடக்கும் விரல் கிளிப் இதற்கு உதவாது. பச்சைக் குழந்தையின் விரல் அதற்குள் நிற்காது. பட்டை போலச் சுற்றும் சென்சார் தேவை. அதை உள்ளங்கையின் வெளி ஓரத்தில் சுற்ற வேண்டும். ஒளி விடும் புள்ளியும் ஒளியை வாங்கும் புள்ளியும் சதைக்கு இருபுறமும் நேருக்கு நேர் அமைய வேண்டும். பாதத்திலும் அப்படியே. பாதம் சில்லிட்டிருந்தால் அலை எழும்பாது. செவிலியர் கையில் வைத்துச் சூடேற்றிவிட்டுத்தான் தொடங்குவார். குழந்தை அழுதால் எண் துள்ளும். பக்கத்தில் மஞ்சள் காமாலைக்கான நீல விளக்கு எரிந்தால் அதன் ஒளியும் குழப்பும், துணியால் மூட வேண்டும். திரையில் அலை ஒரே சீராக ஓடத் தொடங்கியபின் தெரியும் எண்ணே கணக்கில் சேரும். மொத்தம் சில நிமிட வேலை.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிட முடியாதா என்ற கேள்வி நியாயமானது. உதடும் நாக்கும் நீலம் பாய்வது தெரிய வேண்டுமானால், பச்சைக் குழந்தைக்கு ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் 80க்குப் பக்கமாக இறங்கியிருக்க வேண்டும். 80க்கும் 95க்கும் இடைப்பட்ட பகுதி தேர்ந்த கண்ணுக்கும் இருட்டு. குழந்தை கறுப்பாக இருந்தாலோ ரத்தசோகை இருந்தாலோ அந்த இருட்டு இன்னும் அடர்த்தி. ஸ்டெதாஸ்கோப்பும் கைவிடலாம், மிக ஆபத்தான குறைபாடுகள் சிலவற்றில் முணுமுணுப்பு ஓசையே எழாது.

கண்ணுக்கு எட்டாததை எண்ணாக மாற்றிய கருவி எப்படி வந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம்தான். கடக்க மனம் வராத கதை அது.

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் 1936இல் பிறந்த தாக்குவோ அஓயாகி ஒரு மின் பொறியாளர். 1971இல் டோக்கியோவின் நிஹோன் கோடென் நிறுவனத்தில் சேர்ந்த அவருக்கு ஆக்சிஜனை அளப்பது வேலையே இல்லை. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்பதை, தமனியில் ஊசி குத்தாமல் கண்டுபிடிக்கப் பார்த்தார். நரம்பில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காது மடலில் ஒளி பாய்ச்சி, சாயம் வந்து கரைந்து போகும் வேகத்தை வரைகோடாகப் பதிவுசெய்வது அவர் முறை. கோடு வழுவழுப்பாக வரவில்லை. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு பல் விழுந்து, ரம்பம் போல வந்தது.

பல்லை மழுங்கடிக்க அவர் ஒரு தந்திரம் செய்தார். சாயம் உறிஞ்சாத இன்னொரு ஒளியை, 900 நானோமீட்டர் அகச்சிவப்பை, கூடவே பாய்ச்சி, ஒன்றின் துடிப்பால் மற்றொன்றின் துடிப்பை வகுத்துச் சமன் செய்தார். கோடு சீரானது. ஆனால் ஆக்சிஜன் அளவு மாறினால் சமநிலை குலைந்து பற்கள் திரும்பி வந்தன. வேறு ஒருவராக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அஓயாகி அங்கேயே நின்றுவிட்டார். தோல் துடிப்பதில்லை, எலும்பு துடிப்பதில்லை, சிரை ரத்தம் பொதுவாகத் துடிப்பதில்லை. துடிப்பது தமனி ரத்தம் ஒன்றுதான். ஆகவே அந்தப் பற்களின் உயரத்தை இரண்டு ஒளியில் ஒப்பிட்டால், தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு தானாகக் கிடைத்துவிடும். வானொலியின் கரகரப்பை நீக்கப் போய், பாட்டே கரகரப்புக்குள்தான் இருக்கிறது என்று கண்டதைப் போல.

1974 மார்ச் 29 அன்று நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, கேமரா செய்யும் மினோல்டா நிறுவனம் அதே யோசனையோடு ஏப்ரல் 24இல் வந்து நின்றது. முந்திக்கொண்ட நிஹோன் கோடெனோ பிறகு ஆர்வம் இழந்து, அஓயாகியை வேறு வேலைக்கு மாற்றிவிட்டது. கருவியை அறுவை அரங்குகளுக்குள் கொண்டுசேர்த்தவர்கள் 1980களின் அமெரிக்க நிறுவனங்கள். அஓயாகி 2020 ஏப்ரல் 18 அன்று, 84 வயதில் காலமானார். உலகம் முழுவதும் ஜனங்கள் அவர் கருவிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கியிருந்த சமயம் அது.

அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. ஆக்ஸிமீட்டர் என்ற பெயரை 1940களில் சூட்டியவர் கிளென் மில்லிகன், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகனின் மகன். போர் விமானிகள் உயரத்தில் மயங்கிப் போவதைத் தடுக்கக் காதில் மாட்டும் கருவி செய்தார். அவர் மணந்த பெண், 1924இல் ஆக்சிஜன் உருளையோடு எவரெஸ்ட் ஏறப்போய்த் திரும்பாத ஜார்ஜ் மேலரியின் மகள். மில்லிகனும் 1947இல் மலையேற்றத்தில் பாறை விழுந்து இறந்தார்.

கிளைக்கதைதான், ஆனால் உயரம் இந்தச் சோதனைக்கும் சம்பந்தப்பட்டது. மலையூர்களில் காற்றின் அழுத்தம் குறைவதால் ஆரோக்கியமான குழந்தைக்கும் எண் சற்று இறங்கும். லடாக்கில் 95 என்ற கோட்டை அப்படியே வைத்தால் பாதிப் பேர் தோற்றதாகக் கணக்கு வந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. தொலைதூர ஊருக்கு எடுத்துக்காட்டாக வட அந்தமானின் திக்லிபூரை எடுத்துக்கொண்டால், அதற்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் சேடில் பீக் தீவுக்கூட்டத்திலேயே உயர்ந்த சிகரம் என்றாலும் 732 மீட்டர்தான். ஜனங்கள் வசிப்பதோ கல்போங் ஆற்றுச் சமவெளியிலும் ஏரியல் பே கரையிலும். கிட்டத்தட்டக் கடல் மட்டம். பாடப்புத்தக எண்ணை ஒரு புள்ளிகூட மாற்றாமல் பயன்படுத்தலாம்.

திக்லிபூரின் சிக்கல் தூரம். 2011 கணக்கெடுப்பில் அந்த வட்டத்தில் சுமார் 43 ஆயிரம் பேர்; பெரும்பாலும் வங்காளக் குடியேறிகள், நடுவே தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஊரில் சமுதாய நல மையம் இருக்கிறது. பெரிய மருத்துவமனை வேண்டுமானால் மாயாபந்தர். அதற்கும் மேல் என்றால் 300 கிலோமீட்டருக்கு அப்பால், இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் ஜி.பி.பந்த் மருத்துவமனை. அந்தமான் டிரங்க் ரோடு வழியில் ஜாரவா காப்பகம் குறுக்கிடுகிறது. அதற்குள் குறித்த நேரங்களில் வரிசை கட்டித்தான் வண்டிகள் போக முடியும். மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டியையே படகில் ஏற்ற வேண்டும். பச்சைக் குழந்தைக்கு இதய அறுவை என்றால் அதற்கும் அப்பால் கடல் தாண்டிச் சென்னையோ கொல்கத்தாவோ.

சென்னை எழும்பூரைச் சுற்றி வாழும் குடும்பத்துக்கு, வீட்டில் நீலம் பாய்ந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடக் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. திக்லிபூரில் அப்படி ஓடத் தொடங்கும் நேரத்தில் டக்டஸ் மூடியிருக்கும். அங்கே இந்தச் சோதனை கொடுப்பது, டக்டஸ் மூடுவதற்கு முந்தைய சில மணி நேரம். ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி சுகப்பிரசவமான தாய்க்கு மூன்று நாள் வரை அரசு மருத்துவமனையில் இலவச உணவு உண்டு. அந்த நாட்களுக்குள்தான் சோதனை நடந்தாக வேண்டும். வீட்டுக்குப் போனபின் ஆஷா பணியாளர் முதலில் வருவது மூன்றாம் நாள். அவர் பையில் எடை பார்க்கும் கருவி, வெப்பமானி, கடிகாரம். மூச்சை எண்ணலாம், ஆக்சிஜனை எண்ண முடியாது.

2013 பிப்ரவரியில் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் தன் பட்டியலில் பிறவி இதய நோயையும் சேர்த்திருக்கிறது. பிறந்த இடத்திலேயே தலை முதல் கால் வரை பார்ப்பது அதன் முதல் படி. பிளந்த உதடு, வளைந்த பாதம் எல்லாம் அதில் பிடிபடும். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிய இதயம் வெளிப்பார்வைக்குக் கொழுகொழுவென்ற குழந்தை. ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு இதயக் குறைபாடு இருக்கும். அதில் நாலில் ஒரு பங்கு முதல் ஆண்டிலேயே சிகிச்சை கேட்கும். உள்ளங்கையும் பாதமும் என்ற இரண்டு கட்டங்களைப் பிரசவ வார்டின் கேஸ் ஷீட்டில் அச்சடித்து, அவை நிரம்பாமல் டிஸ்சார்ஜ் இல்லை என்று வைப்பதே முறை.

இப்படிக் கட்டாயமாக்குவதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி 2011 ஆகஸ்ட் 31 முதல் சட்டமாக்கியது. அடுத்த மாதம் மத்திய சுகாதாரத் துறையும் தேசியப் பட்டியலில் சேர்த்தது. 2017இல் வெளியான ஆய்வு, கட்டாயமாக்கிச் செயல்படுத்திய மாநிலங்களில் தீவிர இதயக் குறைபாட்டால் நேரும் சிசு மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. விரும்பினால் செய்யலாம் என்று விட்ட மாநிலங்களில் அந்தச் சரிவு தென்படவில்லை.

சோதனையின் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவைத் திரட்டிய 2018ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பின்படி, தீவிரக் குறைபாடுள்ளவர்களில் நாலில் மூவரை இது பிடிக்கிறது, ஒருவர் நழுவுகிறார். பெருந்தமனி குறுகிய குழந்தை அடிக்கடி நழுவும். ஜனங்கள் ‘இதயத்தில் ஓட்டை’ என்று சொல்லும் சாதாரண வகைக்கு இது பயன்படாது. அதில் ஆக்சிஜன் குறைவதில்லை. கறுத்த தோலில் கருவி சில நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் 2020 டிசம்பரில் பெரிதாகப் பேசப்பட்டது. எல்லைக்கோட்டு எண்ணை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது.

பொய் எச்சரிக்கை ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு. நகரத்தில் அது எக்கோ என்ற ஒரு இதய ஸ்கேனின் செலவோடு முடியும், திக்லிபூரில் ஒரு குடும்பத்தின் கடல் பயணம். எனினும் இதயம் நன்றாக இருந்தும் தோற்ற குழந்தைகளில் பலருக்கு நிமோனியாவோ ரத்தத்தில் கிருமித் தொற்றோ இருக்கும். எக்கோவுக்கு முன்பே, உள்ளூரிலேயே கவனிக்க வேண்டியவை அவை.

தோற்ற குழந்தையை அடுத்து என்ன செய்வது, டக்டஸை மூடவிடாமல் பிடித்துவைக்கும் புரோஸ்டகிளாண்டின் மருந்தைக் குளிர்பதனத்தில் எப்படி வைத்திருப்பது, ஆக்சிஜன் கொடுப்பதே சில குழந்தைகளுக்கு ஏன் வினையாகிறது என்பவை இந்த வாரத்துக்கென்று வாக்களித்தவை. அஓயாகியின் காது மடல் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், அவை அடுத்த இதழில்.

(தொடரும்)