'மகாராஜா': ஒரு குற்றப் படத்தின் வரவுக் கணக்கு

நித்திலன் சாமிநாதன் இயக்கிய 'மகாராஜா' 2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை வெளியானது. தயாரிப்புச் செலவு ஏறத்தாழ 20 கோடி ரூபாய் என்று திரைத்துறைச் செய்திகள் குறிப்பிட்டன. சீனாவைச் சேர்க்காமல் உலகத் திரையரங்க வசூல் 100 கோடி ரூபாயைத் தாண்டியது. சீனாவில் மேலும் 91.55 கோடி. கூட்டினால் 191 கோடிக்கு மேல். அதாவது செலவைப் போல ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு. இந்த ஒன்பதரை மடங்கு சரியான கணக்குதான். ஆனால் அதை லாபம் என்றோ, ரசிகர் தீர்ப்பு என்றோ எடுத்துக்கொள்வதற்கு முன் ஒவ்வொரு தொகையும் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் எண் 2,478. இயக்குநரின் முதல் படமான 'குரங்கு பொம்மை' வெளியான 2017 செப்டம்பர் 1-க்கும் இரண்டாம் படமான 'மகாராஜா'வுக்கும் இடையிலான நாள்கள் அத்தனை. 6 ஆண்டு 9 மாதத்துக்குச் சற்று மேல். லோகேஷ் கனகராஜின் 'மாநகரம்' வெளியானது 'குரங்கு பொம்மை'க்கு 175 நாள் முன்னால், 2017 மார்ச் 10-இல். 'மகாராஜா' வரும்போது அவர் 5 படங்களை முடித்திருந்தார். ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி'க்கும் 'ராட்சசன்' படத்துக்கும் இடைவெளி 4 ஆண்டு 3 மாதம். ஒரே ஒரு படத்தை வைத்து ஓர் இயக்குநரை அளவிடுவது கடினம். அந்த ஒரு படத்தை நம்பி ஏழாண்டு கழித்து டிக்கெட் எடுத்தவர்கள் மிகக் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

கூட்டத்தை முதலில் அழைத்து வந்தது வேறொரு எண்: 50. இது விஜய் சேதுபதியின் 50-ஆவது படம் என்றே விளம்பரம் செய்யப்பட்டது. தயாரிப்புத் தரப்பு அறிவித்தபடி முதல் 3 நாள் உலக வசூல் 32.6 கோடி ரூபாய்; நாளொன்றுக்குச் சராசரி 10.87 கோடி. வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான வசூலில் நட்சத்திரமும் விளம்பரமும் முன்பதிவும் பெரும் பங்கு வகிக்கும். படம் எப்படி இருக்கிறது என்ற செய்தி அதற்குள் பரவத் தொடங்கியிருக்கும், பரவி முடிந்திருக்காது. ஆகவே 32.6 கோடியை ரசிகர் தீர்ப்பாக அல்ல, ரசிகர் எதிர்பார்ப்பாகப் படிப்பதே சரி.

தீர்ப்பு அடுத்த எண்ணில் இருக்கிறது. 100 கோடியில் 32.6 போக மீதி 67.4 கோடி. நெட்ஃபிளிக்ஸில் வருமுன் திரையரங்குக்கு இருந்தவை 28 நாள். முதல் 3 நாள் கழித்தால் 25 நாள். 67.4 கோடியை 25-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.7 கோடி. மொத்த வசூல் முதல் மூன்று நாள் வசூலைப் போல 3.07 மடங்கு. வசூலில் மூன்றில் இரண்டு பங்கு முதல் திங்கட்கிழமையிலிருந்து வந்திருக்கிறது. திரையரங்கக்காரர்கள் மவுத் டாக் என்று சொல்வது இதைத்தான். முன்னும் பின்னுமாகக் காலத்தை அடுக்கி, கடைசி அரைமணியில் முடிச்சவிழும் படத்துக்கு இது கூடுதல் பொருளுடையது. முடிவைச் சொல்லிவிட்டால் அடுத்தவர் போக மாட்டார். சொல்லாமல் பரிந்துரைத்தால் போவார். 67.4 கோடி ரூபாய், சொல்லாமல் இருந்தவர்களின் கணக்கும்தான்.

அந்தப் பரிந்துரைக்குக் காரணமான காட்சியொன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். காதில் கட்டுப்போட்ட சலூன்காரர் ஒருவர் காவல் நிலையத்தில் நின்று, வீட்டிலிருந்து லட்சுமியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்கிறார். லட்சுமி மகளுமல்ல, மனைவியுமல்ல, இரும்புக் குப்பைத்தொட்டி. காவலர்கள் விரட்டுகிறார்கள். கண்டுபிடித்துத் தந்தால் லட்சக்கணக்கில் தருகிறேன் என்று அவர் சொன்னதும் நிலையமே நிமிர்ந்து உட்காருகிறது. சில நூறு ரூபாய் பொருளுக்குச் சில லட்சம். 141 நிமிடப் படத்தை இழுத்துச் செல்வது இந்த விலைப் பொருத்தமின்மைதான். அரங்கில் சிரித்தவர்கள், கணக்கு நேராகும்போது மௌனமாகிறார்கள்.

எதிர்வினை ஒரே பக்கம் சாயவில்லை. திரைக்கதை அடுக்கைப் பாராட்டியவர்கள் ஒரு புறம். சிறுமிக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையைத் திருப்பத்துக்கான கருவியாகப் பயன்படுத்தலாமா என்று கேட்டவர்கள் மறுபுறம். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு வசூல் பதிலாகாது. பாராட்டி வெளியே வந்தவரும் மனம் கசந்து வந்தவரும் வசூல் பட்டியலில் தலைக்கு ஒரு டிக்கெட்தான்.

அந்த ஒரு டிக்கெட்டின் கணக்கு இது. 2024 ஜூனில் சென்னை மல்டிபிளெக்ஸ் ஒன்றில் அடிப்படைக் கட்டணம் உச்சவரம்பான 150 ரூபாய். தமிழ்ப் படத்துக்கான உள்ளாட்சி கேளிக்கை வரி 8 சதவீதம், 12 ரூபாய், கூட்டினால் 162. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 29 ரூபாய் 16 காசு. மொத்தம் 191 ரூபாய் 16 காசு. இதில் வரி மட்டும் 41 ரூபாய் 16 காசு. ரசிகர் கொடுத்த பணத்தில் 21.5 சதவீதம். இணையத்தில் முன்பதிவு செய்தால் சேவைக் கட்டணம் தனி. அது பட வசூலில் சேராது.

மீதி 150 ரூபாய் முழுவதும் தயாரிப்பாளருக்குப் போவதில்லை. திரையரங்குக்கும் விநியோகஸ்தருக்குமான பங்கு படத்துக்குப் படம், வாரத்துக்கு வாரம் மாறும். சரிபாதி என்று வைத்துக்கொண்டால் விநியோகத் தரப்புக்கு 75 ரூபாய்; 191.16-இல் 39.2 சதவீதம். 100 கோடி முழுவதற்கும் இதே விகிதத்தைப் பொருத்தினால் திரும்புவது ஏறத்தாழ 39 கோடி. பிற மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வரியும் பங்கும் வேறு என்பதால் இது தோராயம் மட்டுமே. அப்படியும் 20 கோடிச் செலவுக்கு இது நல்ல வரவு. ஆனால் 5 மடங்கு அல்ல, 2 மடங்குக்குச் சற்றுக் குறைவு. விளம்பரச் செலவும் விநியோகச் செலவும் இதிலிருந்துதான் கழிய வேண்டும்.

28 நாள் முடிந்ததும் ஜூலை 12 அன்று படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. ஆகஸ்டில் வெளியான பட்டியலின்படி, அந்த ஆண்டு அதுவரை அந்தத் தளத்தில் அதிகம் பார்க்கப்பட்ட இந்தியப் படம் 'மகாராஜா': 1.86 கோடி பார்வைகள். அடுத்தவை 'க்ரூ' 1.79 கோடி, 'லாபதா லேடீஸ்' 1.71 கோடி. 'லாபதா லேடீஸ்' ஏப்ரல் 26-லும் 'க்ரூ' மே 24-லும் தளத்துக்கு வந்தவை. 'மகாராஜா'வுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 6 வாரம். மற்ற இரண்டுக்கும் அதைவிட முறையே 11 வாரமும் 7 வாரமும் கூடுதல். குறைந்த நாளில் முதலிடம் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

இந்தப் பார்வை என்பது தலைக் கணக்கு அல்ல. மொத்தம் பார்க்கப்பட்ட மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து நெட்ஃபிளிக்ஸ் அந்த எண்ணைத் தருகிறது. 141 நிமிடம் என்பது 2.35 மணி நேரம், 1.86 கோடியோடு பெருக்கினால் ஏறத்தாழ 4.37 கோடி மணி நேரம். இரண்டு பேர் பாதிப் பாதி பார்த்தாலும் ஒரு பார்வைதான். ஒரு வீட்டில் நால்வர் சேர்ந்து முழுதாகப் பார்த்தாலும் ஒரு பார்வைதான். எண் சில இடங்களில் கூட்டியும் சில இடங்களில் குறைத்தும் சொல்லும். ஆனாலும் எல்லாப் படத்துக்கும் ஒரே முறை என்பதால் ஒப்பிட உதவும்.

முதல் வெளியீட்டுக்கு 168 நாள், சரியாக 24 வாரம் கழித்து, நவம்பர் 29 வெள்ளிக்கிழமை படம் சீனாவில் வெளியானது. விளம்பரத்தில் முன்னே நின்ற எண் 40,000 திரைகள். சீனாவின் மொத்தத் திரைகள் 90,000-க்கு மேல். அதில் இது ஏறத்தாழ 44 சதவீதம். எந்தத் தமிழ்நாட்டு ரசிகரையும் மலைக்க வைக்கும் தொகை. அதனாலேயே அதை வகுத்துப் பார்ப்பது அவசியம்.

தில்லியில் உள்ள சீனத் தூதரகத்தின் செய்தித் தொடர்பாளர் 2025 ஜனவரியில் சொன்ன சீன வசூல் 91.55 கோடி ரூபாய். 40,000-ஆல் வகுத்தால் திரை ஒன்றுக்கு மொத்த ஓட்டத்துக்கும் 22,888 ரூபாய். யுவான் ஒன்று 11.6 ரூபாய் என்று கொண்டால் வசூல் ஏறத்தாழ 7.9 கோடி யுவான். 2024-இல் சீனாவின் மொத்த வசூல் 4,250 கோடி யுவான், டிக்கெட்டுகள் 101 கோடி. சராசரி டிக்கெட் 42 யுவான். அந்தக் கட்டணத்தில் 'மகாராஜா'வைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 18.8 லட்சம் பேர். திரைக்கு 47 பேர். ஒரு நாளுக்கு அல்ல, படம் ஓடிய எல்லா நாளுக்கும் சேர்த்து 47 பேர். 40,000 என்பது படம் எட்டக்கூடிய இடங்களின் எண்ணிக்கை. படத்தை எட்டிய மனிதர்களின் எண்ணிக்கை அல்ல.

இந்தக் கணக்கால் படத்தின் மதிப்பு குறைவதில்லை, அளவு தெளிவாகிறது. சீனாவின் ஆண்டு வசூலில் இப்படத்தின் பங்கு 0.19 சதவீதம். 2017-இல் அங்கு ஏறத்தாழ 130 கோடி யுவான் ஈட்டிய 'தங்கல்' படத்தோடு ஒப்பிட்டால் 6 சதவீதம். ரசிகர் மதிப்பெண்ணில் இடைவெளி இவ்வளவு இல்லை: சீனத் திரைப்படத் தளமான டௌபானில் 'தங்கல்' 10-க்கு 9.0, 'மகாராஜா' வெளியான நேரத்தில் 8.7. பார்த்தவர்கள் குறைவு, பார்த்தவர்களின் நிறைவு அதிகம் என்று மட்டும் எச்சரிக்கையுடன் சொல்லலாம்.

தூதரகச் செய்தியில் இருந்த இன்னொரு கூற்றைச் சரிபார்க்க வேண்டும். 2018-க்குப் பிறகு சீனாவில் அதிகம் வசூலித்த இந்தியப் படம் 'மகாராஜா' என்றது அது. 2019 ஏப்ரல் 3 அன்று சீனாவில் வெளியான 'அந்தாதுன்' 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது, 91.55 கோடியைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஆகவே அந்தக் கூற்று நிற்காது. ஸ்ரீராம் ராகவனின் அந்தப் படமும் குற்றக்கதை என்பது கவனத்துக்குரியது. மலையாள 'த்ரிஷ்யம்' கதையைத் தழுவிச் சீனாவில் எடுக்கப்பட்டு 2019 டிசம்பரில் வெளியான படம் 100 கோடி யுவானைத் தாண்டியது. மூன்று எண்கள் ஒரு விதியை நிறுவா. ஆனால் நம் பக்கத்துக் குற்றக்கதைக்கு அங்கே செவி உண்டு என்பதற்குச் சான்றாகும்.

சீன வசூலில் கைக்கு வருவது எவ்வளவு? வருவாய்ப் பங்கீட்டு முறையில் ஆண்டுக்கு 34 வெளிநாட்டுப் படங்களை அனுமதிக்கும் 2012 ஒப்பந்தப்படி, தயாரிப்புத் தரப்புக்கு 25 சதவீதம். மற்றவை ஒரே தொகைக்கு மொத்தமாக வாங்கப்படுகின்றன. 25 சதவீதம் என்று கொண்டால் 91.55 கோடியில் 22.9 கோடி ரூபாய். தயாரிப்புச் செலவான 20 கோடியைவிடச் சற்று அதிகம். இது உச்ச அளவுக்கான கணக்கு. முதல் பத்தியின் 191 கோடி இப்போது 39-உம் 22.9-உம் சேர்ந்து ஏறத்தாழ 62 கோடி. ஒன்பதரை மடங்கு மூன்று மடங்காகிறது. 20 கோடியில் எடுத்த ஒரு படத்துக்கு மூன்று மடங்கும் பெருமைக்குரியதே. அதற்கு மிகைப்படுத்தல் தேவையில்லை.

சீனாவின் எண்களைப் பத்தி பத்தியாக வகுக்க முடிந்ததற்குக் காரணம், அங்கே டிக்கெட் விற்பனை நாடு முழுவதும் ஒரே முறையில் திரட்டப்பட்டுப் பொதுவில் வெளியாவதுதான். தமிழ்நாட்டு வசூலை அப்படி வெளியிடும் அதிகாரபூர்வ அமைப்பு இல்லை; 32.6 கோடியும் 100 கோடியும் தயாரிப்பாளரின் அறிவிப்பிலிருந்தும் வணிகச் செய்திகளிலிருந்தும் வந்தவை. ஆனால் 191 ரூபாய் 16 காசு டிக்கெட் ஒவ்வொன்றும் 41 ரூபாய் 16 காசு வரி கட்டியிருக்கிறது. வரி கட்டிய டிக்கெட் ஒரு பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அந்தப் பதிவேட்டிலிருந்து டிக்கெட் எண்ணிக்கையை மட்டுமாவது வாரந்தோறும் வெளியிட்டால், ஏழாண்டு காத்திருந்து இரண்டாம் படம் எடுக்கும் இயக்குநருக்குத் தன் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். அவருக்குச் சேர வேண்டிய முதல் விமர்சனம் அந்த எண்தான்.