இத்தாலியில் வாங்கிய பழைய கார் கப்பலேறினால் என்னவெல்லாம் நடக்கும், தெரியுமா?

ஃபியட் 500 என்ற குட்டிக் காரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1957 ஜூலையில் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தது. வடிவமைத்தவர் தாந்தே ஜியாகோசா. பின்பக்கத்தில் 479 சி.சி. என்ஜின், இரண்டே சிலிண்டர், குதிரைத்திறன் வெறும் 13! மொத்த நீளம் 2.97 மீட்டர்தான். சரி, இப்போது ஒரு கணக்குப் போடுவோமா? இருபது அடி கண்டெய்னரின் உட்புற நீளம் ஏறக்குறைய 5.90 மீட்டர். இரண்டு ஃபியட் 500 வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் 5.94 மீட்டர். நாலே நாலு சென்டிமீட்டர் இடம் போதாமல் இரண்டாவது கார் துறைமுகத்திலேயே நின்றுவிடுகிறது! நாற்பது அடிப் பெட்டியில் நான்கு வண்டிகள் கணக்குப்படி நுழைந்துவிடும். ஆனால் வார்ப்பட்டை போட்டு இறுக்கிக் கட்ட இடம் வேண்டுமே? அதனால்தான் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் உள்ளே சட்டம் அடித்து, ஒரு காரின் மூக்கை உயர்த்தி அதன் கீழே இன்னொன்றைச் செருகுகிறார்கள்.

அகலமான கார் என்றால் கூத்து வேறு. ஃபெராரி டெஸ்டரோஸாவின் அகலம் 1.976 மீட்டர். பெட்டியின் உட்புற அகலம் 2.35 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்துக் கிடைப்பது 37 சென்டிமீட்டர்! காரை ஓட்டி உள்ளே கொண்டுபோய்விடலாம், கதவைத் திறந்து வெளியே வரத்தான் முடியாது. ஓட்டியவர் ஜன்னல் வழியாகத்தான் ஊர்ந்து வர வேண்டும். அல்லது ஆளே ஏறாமல் கம்பிவடம் போட்டு வின்ச்சால் இழுக்க வேண்டும்.

இன்னொன்று தெரியுமா? பெட்ரோல் கார் என்பது கப்பல்காரர்களின் ஏட்டில் அபாயகரமான சரக்கு! பட்டாசும் அமிலமும் இடம்பெற்றுள்ள ஐ.நா. பட்டியலில் 3166 என்ற எண் பெட்ரோல் வண்டிக்கு உரியது. டாங்க்கில் பெட்ரோலை ஏறத்தாழ வற்ற வைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் கார் கப்பலேறும்.

ஆனால் இதே கார் இத்தாலிய அரசின் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிகிறது. எப்படி? கலைச்செல்வமாக! 2004-ல் வந்த இத்தாலியப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி, 75 வயதைத் தாண்டிய வாகனம் எதுவும் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. ஓவியங்களையும் சிலைகளையும் சோதிக்கும் அதே அலுவலகத்தின் முத்திரை காருக்கும் வேண்டும். பணத்தை எண்ணிக் கொடுத்து, விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, லாரியும் வாசலுக்கு வந்த பிறகு இந்தச் சட்டம் நினைவுக்கு வந்தால் என்ன ஆகும்? கார் அங்கேயே நிற்கும். ஆண்டு பிறக்கப் பிறக்க இன்னும் பல கார்கள் இந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டே இருக்கின்றன. 1940-களின் கார்கள் எல்லாம் ஏற்கெனவே தாண்டிவிட்டன.

காரைக் கலை என்று சொல்வது மிகையா? நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தைக் கேளுங்கள். பினின் ஃபரீனா வடிவமைத்த சிசிட்டாலியா 202 காரை அது 1951-லேயே காட்சிக்கு வைத்தது. 1972-ல் தன் நிரந்தரச் சேகரிப்பிலும் சேர்த்துக்கொண்டது! பானெட்டிலிருந்து பின்பக்கம்வரை ஒட்டுப்போட்ட தடமே தெரியாமல் ஒரே தகடாக வழிந்தோடும் அந்த உடலைப் பார்த்தால், அந்த முடிவு எவ்வளவு நியாயம் என்று புரியும்.

இந்தக் கலை மதிப்பு பணத்தையும் மிச்சப்படுத்துகிறது என்றால் நம்புவீர்களா? உலக நாடுகளின் சுங்கப் பட்டியலில் 9705 என்று ஒரு தலைப்பு உண்டு. புதைபடிவங்கள், பழங்கால நாணயங்கள், பாடம் செய்யப்பட்ட அரிய விலங்குகள் எல்லாம் அதற்குள் வரும். 30 வயது தாண்டிய, மூல வடிவம் கெடாத காரும் அங்கேயே இடம் பிடிக்கலாம். டைனோசர் எலும்பும் ஆல்ஃபா ரோமியோவும் ஒரே வரிசையில்! பிரிட்டனுக்குள் சாதாரணக் கார் வந்தால் 10 சதவீதச் சுங்கம், அதன் மேல் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி. 9705-ல் சேர்ந்துவிட்டால் சுங்கமே கிடையாது, வரியும் 5 சதவீதம்தான். ஆனால் யாரோ ஒருவர் ஆசைப்பட்டு வேறொரு நவீன என்ஜினை மாட்டியிருந்தால்? அந்தக் கணமே அது வெறும் பழைய கார்!

அதனால்தான் நம்பர்களுக்கு இத்தனை மரியாதை. சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர், கியர் பாக்ஸ் நம்பர் மூன்றும் ஆலைப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஃபெராரி பல பத்தாண்டுகளாகச் சாலையில் ஓடும் கார்களுக்கு ஒற்றைப்படை எண்ணும், பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண்ணும் கொடுத்துவந்தது தெரியுமா? ஒரே ஓர் எண்ணைப் பார்த்து அந்தக் கார் எதற்காகப் பிறந்தது என்று சொல்லிவிடலாம்! ஆல்ஃபா ரோமியோவின் ஆவணங்கள் மிலான் அருகே அரேஸே ஊரில் இருக்கின்றன. எந்த நாளில் தயாரானது, எந்த நிறம் பூசப்பட்டது என்பதுகூடப் பல கார்களுக்கு அங்கே கிடைக்கும். நாடு விட்டு நாடு போய்க் கார் வாங்குகிறவர் முதலில் செலவழிக்க வேண்டியது இந்த விவரங்களை உறுதிசெய்யும் சான்றிதழுக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது துரு. 1980-ல் பிரிட்டனில் லான்சியா பீட்டா கார்களின் அடிச்சட்டம் அரித்துப்போய், நிறுவனமே வண்டிகளைத் திரும்ப விலைக்கு வாங்கிக்கொள்ள நேர்ந்தது! பழைய இத்தாலியக் காரைப் பார்க்கப் போகிறவர்கள் துணி சுற்றிய காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். தகட்டில் ஒட்டினால் சரி. ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம் (அலுமினிய உடல் என்றால் இந்தச் சோதனை செல்லாது). என்ஜின் ஓடாத, ஆனால் தகடு கெடாத காரைத் தயங்காமல் வாங்கலாம். பளபளவென்று பெயின்ட் அடித்து, அடியில் அரித்துப்போன காரைத் தொடவே கூடாது. இதனால் நடக்கும் ஒரு விந்தையைப் பாருங்கள்: மழை குறைந்த கலிஃபோர்னியாவில் துருப்பிடிக்காமல் வாழ்ந்த ஆல்ஃபாக்களைத் தேடிப் பிடித்து, ஐரோப்பியர்கள் திரும்பவும் அட்லாண்டிக் கடந்து கொண்டுபோகிறார்கள்!

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த அதிசயம். ஒரு ஃபெராரியைத் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தும் வல்லமை ஒரு பூச்சிக்கு உண்டு! கிழக்காசியாவைச் சேர்ந்த பழுப்பு நிற நாற்றப்பூச்சி அது. நசுக்கினால் குடலைப் புரட்டும் வாடை. 2012-ல் இத்தாலியில் முதன்முதலாக எங்கே தென்பட்டது தெரியுமா? மோதெனாவில்! ஃபெராரியின் சொந்த மாகாணத்தில்! பேரித் தோட்டங்களைச் சூறையாடும் இந்தப் பூச்சி குளிர்காலத்தில் இண்டு இடுக்கு தேடி ஒளிந்துகொள்ளும். கார் என்பது இண்டு இடுக்குகளின் மாளிகை அல்லவா! கதவு ரப்பருக்குப் பின்னால், பம்பருக்குள், ஸ்டெப்னிக்கு அடியில் சுருண்டு கிடந்தே கடல் கடந்துவிடும். அதனால் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இத்தாலியிலிருந்து கிளம்பும் கார்களை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அப்படியே உள்ளே விடுவதில்லை. புகைமருந்து அடிக்க வேண்டும், அல்லது 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் காரையே வாட்டி எடுக்க வேண்டும்!

ஆஸ்திரேலியாவில் இதோடு முடியவில்லை. 2003-ன் கடைசி நாளிலிருந்து அங்கே ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத்தடை. பழைய காரின் பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கலாம். ஒரு துணுக்கு இருந்தாலும் கார் உள்ளே வராது. ஆகவே இத்தாலியிலேயே எல்லாவற்றையும் கழற்றி மாற்றிவிட்டு ஏற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

கடல் தன் பங்கைக் கேட்ட கதைகளும் உண்டு. 1956-ல் கிரைஸ்லர் நிறுவனத்துக்காக டூரினின் கியா பட்டறை நார்ஸ்மேன் என்ற ஒரே ஒரு காரைக் கையாலேயே செய்து முடித்தது. முன்கண்ணாடியின் இருபுறமும் கூரையைத் தாங்கும் தூண்களே கிடையாது; பின்னாலிருந்து நீண்டு வந்து கூரை அந்தரத்தில் நின்றது! உலகில் அப்படி இரண்டாவது வண்டி இல்லை. ஜெனோவா துறைமுகத்தில் ஆண்ட்ரியா டோரியா கப்பலில் ஏற்றினார்கள். ஜூலை 25 இரவு, நியூயார்க்கை நெருங்கும் வேளையில், மூடுபனியில் ஸ்டாக்ஹோம் என்ற கப்பல் வந்து மோதியது. ஆண்ட்ரியா டோரியாவில் இருந்த 46 பேர் மாண்டனர். மற்ற 1,600-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு மீட்டது கடல் வரலாற்றின் மாபெரும் மீட்புகளில் ஒன்று. மறுநாள் காலை கப்பல் மூழ்கியது, நார்ஸ்மேனும் கூடவே போனது. 70 மீட்டருக்கும் கீழே அந்தக் கார் இன்னும் கிடக்கிறது. செய்யச் சொன்ன கிரைஸ்லர்காரர்கள் அதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை!

2022-ல் ஃபெலிசிட்டி ஏஸ் கப்பல் அஸோர்ஸ் தீவுகளருகே தீப்பிடித்து மூழ்கியபோது லம்போர்கினி என்ன செய்தது தெரியுமா? கடலோடு போன 15 அவென்டடோர் கார்களுக்காகத் தயாரிப்பைத் திரும்பத் தொடங்கியது. புதுக் கார் என்பதால் முடிந்தது. 1962-ல் செய்த காரை யார் திரும்பச் செய்து தருவார்கள்?

இன்சூரன்ஸ் இல்லாமல் பழைய காரைக் கப்பலேற்றவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். உங்கள் கார் கீறல்கூடப் படாமல் வந்து சேர்ந்தாலும் அடுத்தவர் சரக்கின் நஷ்டத்துக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டி வரலாம்! கப்பலைக் காப்பாற்ற வேண்டிச் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் தள்ளினால், அந்த இழப்பைக் கப்பல் முதலாளியும் சரக்கு ஏற்றிய அத்தனை பேரும் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஜெனரல் அவரேஜ் என்பார்கள். பண்டைய ரோட்ஸ் தீவு மாலுமிகளின் வழக்கம் ரோமானியச் சட்டத்தில் ஏறி, இன்றுவரை உயிரோடு இருக்கிறது. 2021-ல் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்ற எவர் கிவன் கப்பலிலும் இதே விதிதான் அமலானது!

கப்பலே வேண்டாம், விமானத்தில் கொண்டுபோவோம் என்று நினைத்தவர்களும் உண்டு. 1980-களின் பிற்பாதியில் காடிலாக் அலாண்டே காரின் உடலை டூரின் அருகே பினின்ஃபரீனா செய்தது. என்ஜின் மாட்டியது அமெரிக்காவின் டெட்ராய்ட்டில். நடுவே ஒரு பெருங்கடல்! போயிங் 747 விமானங்களில், தடவைக்கு 56 கார் உடல்களாகப் பறந்தன. இதுதான் உலகின் மிக நீளமான உற்பத்தி வரிசை என்று அப்போது பெருமையாகப் பேசப்பட்டது.

வெளியே போன கார் வீடு திரும்பிய கதை வேண்டுமா? ஃபெராரி டேடோனாவில் அலுமினிய உடலோடு சாலைக்கென்று பிறந்தது ஒன்றே ஒன்று. 1971-ல் ஜப்பான் போன அந்தக் கார் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஒரு கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. 2017-ல் அந்தத் தூசியோடேயே ஃபெராரியின் ஊரான மாரனெல்லோவுக்குக் கொண்டுவந்து ஏலம் விட்டார்கள். விலை 18 லட்சம் யூரோ! தூசியைத் துடைக்காமல் விட்டவர்களுக்கு என் வணக்கம். அதுவும் அந்தக் காரின் வரலாறுதானே!

சரி, இப்படிப்பட்ட பழைய கார் நம் நாட்டுக்கு வருமா? இங்கேதான் சமீபத்திய செய்தி. முன்பெல்லாம் 1950-க்கு முன் தயாரான கார்களை மட்டும்தான் உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடிந்தது. 2025-ல் விதி மாறியது: 50 வயது நிறைந்த எந்தக் காரும் வரலாம், ஆண்டுதோறும் கோடு ஒரு வருடம் நகரும். சுங்கமும் வரிகளும் காரின் விலையையே தாண்டும். அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்ற தனி எழுத்துகள் வரும். இப்போது அந்தக் குட்டி ஃபியட்டின் கணக்கைப் பாருங்கள்! கடைசி வண்டி 1975 ஆகஸ்டில் சிசிலித் தீவின் தெர்மினி இமெரேஸே ஆலையில் தயாரானது. அதாவது 1957 முதல் உருவான 35 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தக் கார்களில் கடைசி வண்டிக்கும் 50 வயது ஆகிவிட்டது!

ஸ்டீயரிங் இடதுபக்கம் இருக்குமே என்ற கவலையா? அதற்கும் இரண்டு வழிகள் இருக்கின்றன. இத்தாலியில் வலதுபுறம் வண்டி ஓட்டும் வழக்கம் வந்து வெகுகாலம் ஆன பிறகும், 1950-களின் தொடக்கம்வரை லான்சியா ஸ்டீயரிங்கை நம்மூர் போல வலதுபக்கமே வைத்தது! ஆல்ப்ஸ் மலைச்சாலையின் விளிம்பை ஓட்டுநர் கண்ணால் பார்த்துக்கொள்ளத்தான் அப்படி என்பார்கள். ஃபியட் 500-தான் வேண்டும் என்பவர்கள் தேட வேண்டிய இடம் இத்தாலியே இல்லை, நியூசிலாந்து! ஆக்லாந்தில் பாகங்களைக் கோத்து, வலதுபக்க ஸ்டீயரிங்கோடு அங்கே விற்றார்கள். பாம்பினா என்று செல்லப்பெயரே உண்டு. விளம்பரங்களைப் புரட்டும்போது அந்தப் பெயரைத் தேடுங்கள்.