200 வேலை நாளுக்குத் தலைத்துணி

பனமரத்துப்பட்டி அரளித் தோட்டங்களில் விடியுமுன்னே மொட்டுப் பறிக்கப் போகும் பெண்களில் தலையில் துண்டு கட்டாதவர்கள் குறைவு. பனிக்கு ஒரு கட்டு, வெயிலேறினால் அதே துண்டில் இன்னொரு கட்டு. கீமோவால் முடி இழந்த ஒரு பெண் இந்த வேலைக்குத் திரும்பும்போது அவளுக்கு ஏற்ற தலைமறைப்பு எது, அதற்கு என்ன செலவு என்று கணக்குப் போட்டால், புற்றுநோய்க் கையேடுகள் முதலில் சொல்லும் விக், பட்டியலில் கீழே போய்விடுகிறது.

2022இல் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் 1,92,020 பேர் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் குளோபோகான் மதிப்பீடு. இவர்களில் பலருக்குக் கொடுக்கப்படும் மருந்து வரிசைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 21 நாளுக்கு ஒரு முறை வீதம் 4 முறை, பிறகு வாரம் ஒன்றாக 12 முறை. 84ம் 84ம் சேர்த்து 168 நாள். தலையிலுள்ள சுமார் 1 லட்சம் முடிகளில் 90 சதவீதம் எந்த நேரமும் வளர்ந்துகொண்டிருப்பவை. வேரில் வேகமாகப் பிரியும் உயிரணுக்களை மருந்து தாக்குவதால் முதல் ஊசிக்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாக வந்துவிடும். மார்புக்கு ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) வைப்பதால் தலைமுடி போகாது, கீமோவால்தான் போகிறது.

கொட்டத் தொடங்கியதிலிருந்து மருந்து முடியும்வரை ஏறக்குறைய 150 நாள். முடிந்தபின் மாதம் 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளர்ச்சி. தலை மூடாமல் வெளியே போக மனம் துணிய இன்னும் 90 நாளாவது ஆகும். மொத்தம் 240 நாள், அதாவது 8 மாதம். மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் 200. சிகிச்சை நடக்கும்போதே வேலைக்குப் போக எல்லோராலும் முடியாது. ஆகவே 200 என்பதை மேல்வரம்பாக வைத்துக்கொள்கிறேன். பணத்தை அளக்க, 2025-26க்குத் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலியான 336 ரூபாயை எடுத்துக்கொள்கிறேன். பொருள்களின் விலை கடைக்குக் கடை மாறும். இங்கே உள்ளவை முழு எண்ணாக நான் வைத்துக்கொண்டவை.

முதலில் துணி. 75 சென்டிமீட்டர் அகலம், 150 நீளமுள்ள ஈரிழைத் துண்டு 4. ஒன்று தலையில், ஒன்று கொடியில், ஒன்று பையில், மழைநாளுக்கு ஒன்று. தலா 120 வீதம் 480 ரூபாய். உள்ளே போட, பழைய பருத்தித் துணியில் தைத்த தொப்பி 3. தையல்கூலி தலா 40, ஆக 120. கூட்டினால் 600 ரூபாய். இரண்டு நாள் கூலிக்கும் கீழே, வேலை நாளுக்கு 3 ரூபாய்.

துண்டும் வேண்டாம் என்றால் வீட்டிலுள்ள பழைய நூல் சேலை போதும். ஐந்தரை மீட்டர் நீளத்தில் 90 சென்டிமீட்டர் சதுரம் 6 கிடைக்கும். அகலம் 115 என்றால் ஓரத்தில் 25 சென்டிமீட்டர் பட்டை மிஞ்சும். அதைச் சுருட்டி உச்சிக்குப் பின்னால் வைத்து மேலே சதுரத்தைக் கட்டினால் கொண்டை இருப்பது போன்ற உயரம் வரும். சேலை நூலாகத்தான் இருக்கவேண்டும். பாலியஸ்டர் சேலைத் துணி மொட்டைத் தலையில் நிற்காமல் வழுக்கும், வேர்வையையும் இழுக்காது. தொப்பியின் தையல் மடிப்பு வெளிப்பக்கம் வரவேண்டும். மருந்து ஏறிய நாட்களில் தலைத்தோலுக்கு ஒரு நூல் முடிச்சுகூட உறுத்தும். இருட்டில் பறிக்கத் தலையில் டார்ச் கட்டுகிறவர்கள் அந்தப் பட்டைக்கு அடியில் துணியை இரண்டாக மடித்துக்கொள்ளலாம். பூ மூட்டை கட்டிய துணியைத் தலைக்கு எடுக்கவே கூடாது. அரளிப் பால் நஞ்சு, தோலையும் அரிக்கும்.

இனி விக். செயற்கை இழையில் செய்தது 3,000 ரூபாய் என்று வைத்தால், தினமும் போடுகிறவருக்கு ஐந்து மாதம் உழைக்கும். 8 மாதத்துக்கு இரண்டு வேண்டும், 6,000 ரூபாய். 18 நாள் கூலி, நாளுக்கு 30 ரூபாய். அசல் முடியில் செய்தது 20,000 என்றால் கிட்டத்தட்ட 60 நாள் கூலி, நாளுக்கு 100 ரூபாய். 100 நாள் வேலையில் 60 நாள் உழைப்பைத் தலையில் வைத்துக்கொண்டு 40 டிகிரி தாண்டும் சேலத்துச் சித்திரை வெயிலில் குனிந்து நிமிர்வது என்னைக் கேட்டால் வேண்டாத தண்டனை. அந்தப் பணம் ஊசிக்குப் போன நாட்களில் விட்ட கூலியை ஈடுகட்டட்டும்.

விக்கே வீண் என்று நான் சொல்லவில்லை. நகைக்கடைக் கவுன்ட்டரிலோ பள்ளிக்கூடத்திலோ நாள் முழுக்க மனிதர் முகத்துக்கு நேரே நிற்கிறவருக்கு, எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்வியே பெரும் பாரம். அவருக்கு நாளுக்கு 30 ரூபாய் நியாயமான செலவு. அடுப்படி வேலைக்கு மட்டும் கூடாது: செயற்கை இழை ஆவியில் சுருங்கும், அனலில் உருகும். பள்ளிக் காலை உணவு சமைக்கிற பெண்களுக்குத் தலை ஏன் மூடியிருக்கிறது என்ற கேள்வியே எழாது. உணவைத் தொடுகிறவர் தலையை மூடவேண்டும் என்று 2011இன் உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. ஆறு பேர் சமைத்தால் ஆறு பேர் தலையிலும் தொப்பி. ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவர் ஹெல்மெட்டைத் தவிர்க்க முடியாது, அபராதம் 1,000 ரூபாய். கழற்றும்போது விக்கும் கூடவே வரும். பருத்தித் தொப்பியோடு ஓட்டிப் போய், இறங்கியபின் விக்கை மாட்டுவது நல்லது.

இலவச விக்குக்காக முடி கொடுக்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். கேரளத்தில் இரிஞ்ஞாலக்குடா மகளிர் காவல் நிலையத்தில் பணிபுரிந்த அபர்ணா லவகுமார் 2019இல் நோயாளிகளுக்காகத் தம் நீண்ட முடியை மொத்தமாக மழித்துக் கொடுத்தார். பல அமைப்புகள் 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர் கேட்கின்றன. மாதம் 1.25 வீதம் அது 24 மாத வளர்ச்சி. ஒரு விக்குக்கு ஐந்து பேர் முடி என்றால் பத்து வருட வளர்ச்சி ஒரு தலையில் உட்காருகிறது. கிடைத்தால் மரியாதையோடு வாங்கிக்கொள்ள வேண்டிய கொடை.

கொட்டக் கொட்டப் பார்ப்பதைவிட முன்பே மொட்டையடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. இந்தச் சீமையில் மொட்டைத் தலைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. “என்னக்கா, பழனிக்குப் போய்ட்டு வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் முடி காணிக்கைக்குக் கட்டணமும் இல்லை. புருவமும் உதிரும்போதுதான் அந்தக் கேள்வி நின்று, வேறு கேள்வி வரும். துண்டின் விளிம்பைப் புருவத்தருகே இறக்கிக் கட்டுகிறவர்கள் அதற்காகத்தான் கட்டுகிறார்கள்.

வாங்குவது எதுவானாலும் முதல் ஊசி போட்ட பத்து நாளுக்குள் வாங்கிவிட வேண்டும், அதற்குப்பின் முடி கொட்டத் தொடங்கிவிடும். விக் என்றால் சொந்த முடி இருக்கும்போதே போனால் நிறம் ஒப்பிடலாம். முடி போனபின் தலைச்சுற்றளவு சற்றுக் குறையும். ஆகவே உள்ளே இறுக்கும் பட்டை உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். சேலம் போய்வர சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் 0. நாலு துண்டையும் வாங்கி வந்து இரண்டு முறை அலசி, கஞ்சி போக்கி வைத்துவிட்டால் செலவுப் பக்கம் 600 ரூபாயோடு முடிந்தது.