பழைய எஞ்சினின் பெட்ரோல் பம்பு: இயக்கமும் மாற்றும் முறையும்

தொட்டி கார்புரேட்டரைவிட உயரத்தில் அமைந்திருந்த கார்களில் பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி எஞ்சினை அடைந்தது. 1927இன் இறுதியில் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ இவ்வகையைச் சேர்ந்தது. பாதுகாப்பும் இடவசதியும் கருதித் தொட்டி காரின் பின்புறத்துக்கு, தாழ்வான மட்டத்துக்கு மாற்றப்பட்டபோது, பெட்ரோலை மேலேற்றித் தர ஒரு கருவி தேவைப்பட்டது. மின்சாரத்தை நாடாமல் எஞ்சினின் சுழற்சியைக் கொண்டே இயங்கும் பம்பு அத்தேவையைப் பல பத்தாண்டுகள் நிறைவேற்றியது. அமெரிக்காவின் செவ்ரோலே நிறுவனம் 1955இல், 265 கன அங்குல (ஏறத்தாழ 4.3 லிட்டர்) கொள்ளளவுடன் அறிமுகப்படுத்திய ‘ஸ்மால் பிளாக்’ வி-8 எஞ்சின் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இந்த எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டின் முன்பகுதியில் மையம் விலகிய வட்டம் ஒன்று உள்ளது. அது சுழலும்போது சாய்வாகச் செருகப்பட்ட ஓர் எஃகுத் தண்டைக் கீழே தள்ள, தண்டு பம்பின் நெம்புகோலை அழுத்த, நெம்புகோல் டயஃப்ரம் எனப்படும் நெகிழும் சவ்வை இழுக்கிறது. சவ்வு விலகியதால் பம்பினுள் அழுத்தம் குறைய, தொட்டியிலுள்ள பெட்ரோலை வளிமண்டல அழுத்தம் உள்ளே தள்ளுகிறது. அதைக் கார்புரேட்டருக்கு அனுப்புவது நெம்புகோல் அன்று. சவ்வைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங்கே ஆகும். எனவே பெட்ரோலின் அழுத்தத்தை எஞ்சினின் வேகம் நிர்ணயிப்பதில்லை, ஸ்பிரிங்கின் வலிமையே நிர்ணயிக்கிறது. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிரம்பி அதன் ஊசி வால்வு மூடிக்கொண்டால், சவ்வு இழுபட்ட நிலையிலேயே நின்றுவிட, நெம்புகோல் வெறுமனே அசைகிறது.

பம்பு பழுதாவதற்குப் பெரும்பாலும் சவ்வின் கிழிசலோ உள்வால்வுகளின் கசிவோ காரணமாகும். எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோல் பழைய ரப்பரைச் சிதைப்பதால், அதற்கேற்ற சவ்வுடைய பம்பைத் தேர்ந்தெடுப்பது அவசியம். கிழிந்த சவ்வின் வழியே பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்தால், ஆயில் நீர்த்து, உராய்வைத் தடுக்கும் ஆற்றலை இழக்கும். பெட்ரோல் வாடை வீசும் ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஓட்டுவது பேரிங்குகளைத் தேய்த்துவிடும்.

எஞ்சின் ஆறியபின், காற்றோட்டமான இடத்தில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டே மாற்றும் பணியைத் தொடங்க வேண்டும். மையம் விலகிய வட்டத்தின் தாழ்ந்த பக்கம் தண்டை நோக்கும்வரை எஞ்சினைக் கையால் சுழற்றினால் நெம்புகோலின் மீதுள்ள சுமை குறையும். தொட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றியவுடன் அடைத்து, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயை இரண்டு ஸ்பானர்களால், ஒன்றால் பிடித்து மற்றொன்றால் திருகிக் கழற்றினால் குழாய் முறுக்கிக்கொள்ளாது. இரண்டு போல்ட்களை நீக்கிப் பம்பை எடுத்ததும் தண்டு தன் எடையால் கீழே வழுக்கும். தண்டைத் துடைத்து, கெட்டியான கிரீஸ் பூசி மேலே தள்ளினால் அது சிறிது நேரம் அங்கேயே ஒட்டி நிற்கும்; அதற்குள் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியெடுத்த பரப்பில் புதிய கேஸ்கெட்டுடன் பம்பைப் பொருத்தி, நெம்புகோல் தண்டின் அடியில் அமர்வதை உறுதிசெய்ய வேண்டும். தண்டு இடையில் இறங்கியிருந்தால் பம்பு எஞ்சின் பிளாக்கோடு படியாது; அந்நிலையில் போல்ட்டை இறுக்கி வலிந்து இழுப்பது நெம்புகோலையோ பம்பின் காதுகளையோ உடைக்கும்.

எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு இல்லையெனக் கண்டபின் அழுத்தமானியால் சோதிக்க வேண்டும். சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டு அழுத்தமே போதுமானது. மிகுந்தால் அது ஊசி வால்வைத் தள்ளித் திறந்து கார்புரேட்டரை வழியச் செய்யும். புதிய பம்பிலும் பெட்ரோல் குறைவாக வருமாயின், தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயை ஆராய வேண்டும். இழுக்கும் பக்கத்தில் ஏற்படும் நுண்ணிய வெடிப்பு, எஞ்சின் ஓடும்போது பெட்ரோலை வெளியே சிந்தாமல் காற்றை உள்ளே இழுப்பதால் எளிதில் கண்ணில் படுவதில்லை. இந்தக் குழாய்ச் சோதனையைப் பழைய பம்பைக் கழற்றுவதற்கு முன்பே செய்துவிட்டால், நல்ல பம்பு வீணாகத் தூக்கியெறியப்படுவதைத் தவிர்க்கலாம்.