நூற்கூலியும் நல்லாட்சியும்

நல்லாட்சி என்றவுடன் நீதி தவறாத அரசனும், மாதம் மும்மாரி பொழியும் நாடும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. பழைய பாரத தேசத்தில் ஆட்சிமுறையைப் பற்றிச் சிந்தித்தவர்கள் இவ்வளவோடு நின்றுவிடவில்லை. நூலை எவ்வாறு தரம் பார்ப்பது, கூலியை எப்பொழுது கொடுப்பது, கணக்கை எந்த மாதத்தில் ஒப்படைப்பது என்பனவற்றையும் அவர்கள் அரசியலின் பகுதியாகவே கருதினர். கௌடில்யர் இயற்றியதாக வழங்கும் அர்த்தசாஸ்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

சந்திரகுப்த மௌரியரின் அமைச்சரான சாணக்கியரே கௌடில்யர் என்பது மரபு. நூல் இன்றைய வடிவத்தை அடைந்தது அதற்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பின்னரே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். நெடுங்காலம் மறைந்து கிடந்த இந்நூலை மைசூரைச் சேர்ந்த ஆர். சாமசாஸ்திரி ஓலைச்சுவடியிலிருந்து கண்டெடுத்து 1909-ஆம் ஆண்டில் பதிப்பித்தார். இது 15 அதிகரணங்களைக் கொண்டது.

அரசன் எதற்காக வரி பெறுகிறான்? பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதுபோல் வலியவர் எளியவரை வருத்திய காலத்தில், மக்கள் மனுவைத் தங்கள் அரசனாக்கிக்கொண்டனர் என்றும், தானியத்தில் 6-ல் ஒரு பங்கும் வணிகப் பொருளில் 10-ல் ஒரு பங்கும் அவனுக்கு ஒதுக்கினர் என்றும் ஒரு வரலாறு இந்நூலில் கூறப்படுகிறது. வரி என்பது காவல் புரிவதற்கு மக்கள் கொடுக்கும் ஊதியம். காவாத அரசனுக்கு அது உரியதன்று என்பதே இதன் உட்பொருள்.

இக்கொள்கை தறிக்கும் வயலுக்கும் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைக் கவனிப்போம். நூற்பு, நெசவு வேலைகளைக் கவனிக்க இந்நூல் தனி அதிகாரி ஒருவரை நியமிக்கிறது. கைம்பெண்களுக்கும், உடற்குறையுள்ள பெண்களுக்கும், முதுமையுற்ற பணிப்பெண்களுக்கும் அவர் நூற்கும் வேலை தரவேண்டும். நூல் மெல்லியதா, முரடா, நடுத்தரமா என்று பார்த்தே கூலி நிர்ணயிக்கவேண்டும். வீட்டைவிட்டு வெளிவராத பெண்களுக்குப் பணிப்பெண்கள் மூலம் மரியாதையுடன் வேலை அனுப்பவேண்டும். விடியற்காலையில் நூலைக் கொண்டுவரும் பெண்களிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு பேசினாலும், அவர்கள் முகத்தை உற்றுநோக்கினாலும் அதிகாரிக்கு அபராதம். கூலி கொடுக்கத் தாமதித்தால் அதைவிடப் பெரிய அபராதம். செய்யாத வேலைக்குக் கூலி கொடுத்தாலும் அதே அபராதந்தான்.

நெசவாளருக்கும் அளவு உண்டு. 10 பலம் நூல் பெற்றவர் 11 பலம் துணி தரவேண்டும். கஞ்சி ஏறுவதனால் எடை கூடும் என்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. எடையில் குறைந்தால் அபராதம் கட்டவேண்டும்.

விவசாயிகளுக்கும் சலுகைகள் உள்ளன. புதிதாக ஏரி, அணை அமைப்போருக்கு 5 ஆண்டுகளும், பாழடைந்ததைப் புதுப்பிப்போருக்கு 4 ஆண்டுகளும் வரி விலக்கு அளிக்கப்படுகிறது.

நம் சங்க அங்கத்தினர்கள் சிறப்பாக நோக்கவேண்டிய விதி ஒன்றுண்டு. பலர் கூடி ஒரு வேலையை மேற்கொண்டால், முன்பே பேசிக்கொண்டபடியோ சமமாகவோ ஊதியத்தைப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். இடையில் நோயுற்றவருக்கு அதுவரை செய்த வேலைக்குரிய பங்கைத் தரவேண்டும். உடல்நலத்துடன் இருந்தும் பாதியில் விலகுபவருக்கு 12 பணம் அபராதம். கூட்டுத் தொழிலின் நியாயம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது எனலாம்.

கணக்கு விஷயத்தில் இந்நூல் மிகவும் கண்டிப்பானது. 354 நாட்கள் கொண்ட வேலை ஆண்டு ஆஷாட மாதப் பௌர்ணமியுடன் முடிகிறது. அப்பொழுது கணக்கர்கள் முத்திரையிட்ட ஏடுகளுடன் வந்து கணக்கை ஒப்பிக்கவேண்டும். பொதுப் பொருளைக் கையாடும் வழிகள் 40 என்று எண்ணி வகுத்திருப்பதைக் காணும்போது, மனித இயல்பை ஆசிரியர் எவ்வளவு கூர்ந்து கவனித்தார் என்பது விளங்கும்.

ஆயினும் இந்நூலின் குறைகளை நாம் மறைக்கலாகாது. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்த சமுதாயத்தையே அது ஏற்றுக்கொண்டது. கூலி பெற்றும் வேலை செய்யாத பெண்ணின் விரலை வெட்டுமாறு அது விதித்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, அதிகாரி நேர்மையாக நடக்கிறாரா என்பதை அறிய அரசன் நம்பியது ஒற்றர்களையே. நூற்ற பெண்ணோ, நெய்தவரோ அந்தக் கணக்கேட்டைப் பிரித்துப் பார்க்க இடமில்லை. தாமதித்த கூலிக்கு அபராதம் உண்டு. ஆனால் அதை அவர்கள் சார்பில் கேட்கவேண்டியவன் அரசன். அரசன் அசட்டையாக இருந்தால் விதி ஏட்டோடு நின்றுவிடும்.

இங்கேதான் கூட்டுறவு வேறுபடுகிறது. சரியான எடை, காலத்தில் கூலி, ஆண்டுதோறும் கணக்கு என்ற மூன்றும் பழையவை. அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை அங்கத்தினருக்கு வந்ததே புதிது. ஒற்றர் செய்த வேலையை இன்று பொதுக்குழுவில் அமர்ந்து நாமே வெளிப்படையாகச் செய்யலாம். தணிக்கை அறிக்கை வாசிக்கப்படும்போது கவனியாமல் இருந்துவிட்டு, பின்னர் பட்டுவாடா தாமதமாகிறது என்று வீதியில் குறை கூறுவதில் பயனில்லை. தறியிலிருந்து இறங்கிவந்தும், வயல்வேலையைச் சற்று நிறுத்திவைத்தும், அடுத்த பொதுக்குழுவுக்கு ஒவ்வொருவரும் வருவோமாக. கணக்கைக் கேட்போமாக. ஆள்பவரும் ஆளப்படுபவரும் நாமே ஆகியிருக்கும் சங்கத்தில், அசட்டையான அரசன் என்று பழி சொல்ல வேறு ஒருவர் இல்லை.