எண் ஒலியாகும் இடம்

கணினியில் பாட்டு எதுவும் ஓடாத வேளையில், நுண்ணுணர்வு மிக்க கேட்பொறியொன்றைச் செவியில் பொருத்திக்கொண்டு, திரையில் நீண்ட பக்கமொன்றை மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். மேசைக்கணினிகள் பலவற்றில், உருட்டும்போது மட்டும் சிள்வண்டின் ரீங்காரம் போல ஒரு கீச்சொலி எழும். கை ஓய்ந்ததும் அதுவும் ஓயும். குறை பாட்டுக் கோப்பிலும் இல்லை, கேட்பொறியிலும் இல்லை. திரைக்காட்சியைத் தீட்டும் வரைகலை அட்டை, வேலை கூடும்போது மிகுதியாகவும் குறையும்போது சிறிதாகவும் மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்த ஏற்ற இறக்கம், பெட்டிக்குள் எல்லா உறுப்புகளுக்கும் பொதுவான தரையிணைப்பின் வழியே ஒலிச்சுற்றுக்குள் கசிந்துவிடுகிறது.

கசிவு 100 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 1 வோல்ட் மின்னழுத்தத்திற்கு 120 டெசிபல் ஒலி எழுப்பும் செவிச்செருகியில் அது 40 டெசிபல் இரைச்சலாகும். அமைதியான அறையில் தெளிவாகவே கேட்கும். 1 வோல்ட்டுக்கு 100 டெசிபல் தரும் பெரிய கேட்பொறியில் அதே கசிவு 20 டெசிபலே. மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிப்போகும். ஒரே கணினியை ஒருவர் பழிப்பதும் மற்றொருவர் புகழ்வதும் இதனால்தான். பெட்டியின் முன்பக்கத் துளைக்குச் செல்லும் மெல்லிய வடம் வரைகலை அட்டையின் அருகே வளைந்து செல்வதுண்டு. ஆகவே, காசு செலவழிக்கும் முன் கேட்பொறியைப் பின்பக்கத் துளைக்கு மாற்றிப் பார்த்துவிடலாம்.

தனி ஒலி அட்டை இன்றியமையாததாக இருந்த காலம் ஒன்று உண்டு. தொடக்கக்காலக் கணினிகளுக்கு ‘பீப்’ என்று ஒலிப்பதற்கு மேல் அதிகம் தெரியாது. 1987-இல் கனடாவிலிருந்து ஆட்லிப் அட்டையும், 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத்திடமிருந்து சவுண்ட் பிளாஸ்டரும் வந்து அந்த ஊமைத்தனத்தைப் போக்கின. இன்டெல் வகுத்த ஏசி’97 நெறி 1997-லும், எச்டி ஆடியோ நெறி 2004-லும் வந்தன. ஒலி அட்டை தாய்ப்பலகையின் ஓரத்தில் நகமளவு சில்லாக ஒடுங்கிற்று. எண்களை மின்னலையாக்கும் பணியை அச்சில்லு இன்று செவ்வனே செய்கிறது என்பதே என் மதிப்பீடு.

விற்பனைப் பெட்டிகளோ வேறு கதை சொல்கின்றன: 192 கிலோஹெர்ட்ஸ், 32 பிட். மனிதச் செவி எட்டுவது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை. அகவை கூடக் கூட அதுவும் குறையும். ஓர் அலையை மீட்டெடுக்க, அதன் உச்ச அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட விரைவில் அளந்தால் போதும் என்பது நைக்குவிஸ்ட்டும் ஷானனும் நிறுவிய உண்மை. குறுவட்டில் நொடிக்கு 44,100 அளவீடுகள் என்பது அங்கிருந்தே பிறந்தது. 16 பிட்டுகள் ஏறக்குறைய 96 டெசிபல் வீச்சைத் தாங்கும். மேயர், மோரன் என்னும் இருவர் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். உயர்தர ஒலிப்பதிவின் பாதையில், ஒலியைக் குறுவட்டுத் தரத்துக்கு இறக்கும் சுற்றொன்றைக் கேட்போர் அறியாமல் இணைத்தும் நீக்கியும் வினவினர். 554 முறைகளில் சரியான விடை 276. நாணயத்தைச் சுண்டிவிட்டாலும் அதே அளவு தேறியிருக்கும்.

எண்ணிக்கையில் இல்லாத வேறுபாடு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. எண் அலையாகிவிட்டது, இனி அந்த அலை கேட்பொறியின் கம்பிச்சுருளை அசைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பெருக்கிக்கும் தனக்கென ஒரு வெளியீட்டுத் தடை உண்டு. தாய்ப்பலகைகள் சிலவற்றில் வெளியீட்டுடன் தொடராக 75 ஓம் தடையை வைப்பார்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகளை இணைக்க அது தீங்கற்றது, கேட்பொறிக்கோ பெருந்தொல்லை. கேட்பொறியின் மின்னெதிர்ப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. 32 ஓம் என்று பொறித்த ஒன்று, அதன் அதிர்சவ்வு தானே ஒத்ததிரும் தாழ்சுரப் பகுதியில் 64 ஓம் வரை ஏறுவதாகக் கொள்வோம். 75 ஓமுக்குப் பின், மற்றெங்கும் மின்னழுத்தத்தில் 107-இல் 32 பங்கும், அந்த மேட்டில் மட்டும் 139-இல் 64 பங்கும் கேட்பொறிக்கு வந்துசேரும். கணக்கிட்டால், அப்பகுதித் தாழ்சுரம் ஏனையவற்றைவிட ஏறத்தாழ 3.7 டெசிபல் உப்பிவிடும். வெளியீட்டுத் தடை 1 ஓமாகக் குறைந்தால் அவ்வேறுபாடு 0.13 டெசிபல், செவிக்குப் புலப்படாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த உப்பிய ‘கும்’ ஒலிக்குப் பழகியவர் நல்ல கருவிக்கு மாறியதும், மிருதங்கத்தின் தொப்பி மெலிந்துவிட்டதே என்று குறைப்படுவார். மெலிந்ததுதான், ஆனால் பதிவில் இருந்தது அவ்வளவே.

எனவே மேம்பாடு என்பது பெரும்பாலும் அலையாக்கும் பணியைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவருவதே. யுஎஸ்பி வழியே எண்களாக வெளியேறும் ஒலி, சிறு புறக்கருவியில் அலையாகி, குறைந்த தடையுள்ள பெருக்கி வழியே செவியை அடைகிறது. யுஎஸ்பியும் முற்றிலும் தூயதன்று. அதிவேக யுஎஸ்பி 125 மைக்ரோநொடிக்கு ஒரு முறை தரவைத் துடிக்கவிடும். மலிவாகக் கட்டிய கருவியில் அத்துடிப்பு 8,000 ஹெர்ட்ஸ் ஊசியொலியாகக் கேட்கக்கூடும். பழைய முழுவேக முறையில் அது 1,000 ஹெர்ட்ஸ். கீச்சொலியை விட்டு ஊசியொலியை வாங்கிவராமல் இருக்க, வாங்கும் முன் இரைச்சல் அளவீட்டைப் பார்ப்பது நலம்.

ஆற்றல் எவ்வளவு வேண்டும்? 300 ஓம் மின்னெதிர்ப்புள்ள சென்ஹைசர் எச்டி 600, 1 வோல்ட்டுக்கு 97 டெசிபல் தரும் என்பது அதன் குறிப்பேடு. உலக நல்வாழ்வு நிறுவனம் கிழமைக்கு 40 மணி நேரத்துக்கு உகந்ததாகச் சொல்லும் சராசரி அளவு 80 டெசிபல். ஆக, 1 வோல்ட் தரும் விரலளவு யுஎஸ்பி இணைப்பியே பலருக்கும் போதும். மெல்லிய இடங்களும் திடீர் முழக்கங்களும் நிறைந்த இசையில் 110 டெசிபல் உச்சம் வேண்டுவோர்க்கு நான்கரை வோல்ட் தேவை. மேசைமேல் வைக்கும் தனிப் பெருக்கி அவர்களுக்குரியது. கருவியை மாற்றியபின் விண்டோஸ் ஒலி அமைப்பையும் திறந்து பாருங்கள்: அங்கே 48,000 என்றிருந்தால், 44,100-இல் பதிந்த பாட்டும் மறுவார்ப்புக்குப் பின்னரே வெளிவரும். இக்கால மென்பொருள் அதை நன்றாகவே செய்வதால், இதற்காக உறக்கம் இழக்க வேண்டியதில்லை.

பழையதையும் புதியதையும் ஒப்பிடுவதில்தான் பலர் தடுமாறுகின்றனர். ஒலி தாழும்போது தாழ்சுரம் மற்றவற்றைவிட விரைவாகச் செவியிலிருந்து நழுவுவதை, பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினர். அதனால் சற்றே உரக்க ஒலிக்கும் கருவி, வேறு சிறப்பு எதுவுமின்றியே செழுமையாகத் தோன்றும். 400 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, இரு கருவிகளின் மின்னழுத்தத்தையும் பன்னளவி கொண்டு நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டுக்குள் இணையாக்கிய பின்னரே கேட்கத் தொடங்க வேண்டும். அளக்கும்போது கேட்பொறி செருகியபடியே இருக்கட்டும். அதைக் கழற்றிவிட்டால் சுமை இராது. சுமையில்லாத இடத்தில் 75 ஓம் வெளியீடும் 1 ஓம் வெளியீடும் பன்னளவியில் ஒன்று போலவே தெரியும்.